2147483647: கம்ப்யூட்டர்களை திணறடிக்கும் ஒற்றை எண் - 250 ஆண்டுக்கு முந்தைய கணக்கும் 2038 சிக்கலும்

2038ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த விநாடி பிறக்கும்போது, உலகில் சரிசெய்யப்படாமல் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் காலண்டர் முன்னால் போகாது. 136 ஆண்டுகள் பின்னால் குதித்து, 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தைக் காட்டும்.

வைரஸ் தாக்குதலோ ஹேக்கிங்கோ இதற்குக் காரணம் இல்லை. காரணம் ஒரே ஒரு எண். 2147483647. நம்ம ஊர் கணக்கில் சொன்னால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

யூடியூப் வீடியோ முதல் போயிங் விமானம் வரை இந்த எண் புகுந்து வேலை காட்டியிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1772ஆம் ஆண்டுவாக்கிலேயே, ஒரு கணித மேதை இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார். அப்படி என்னதான் இருக்கிறது இந்த எண்ணில்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கிருந்து வந்தது இந்த எண்?

சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைக்கும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் 1 அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4, பிறகு 8 என ஒவ்வொரு கட்டத்துக்கும் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். அப்படி 31 கட்டங்கள் வரை வைத்த அரிசியை எல்லாம் கூட்டினால் எத்தனை வரும்? சரியாக 2147483647.

இன்னொரு வழியிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். 31 இரண்டுகளை வரிசையாக எழுதி ஒன்றோடொன்று பெருக்கினால் 2147483648 வரும். அதில் ஒன்றைக் கழித்தால் நம்ம எண் ரெடி.

இப்படி இரண்டை பலமுறை பெருக்கி, அதிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் எண்களுக்கு 'மெர்சென் எண்கள்' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு துறவி மரின் மெர்சென் நினைவாக வந்த பெயர் இது. இந்த வகை எண்களில் எவையெல்லாம் பகா எண்கள் என்று 1644ல் அவர் ஒரு பட்டியல் போட்டார். (தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்தான் பகா எண். உதாரணம் 2, 3, 5, 7.) அந்தப் பட்டியலில் சில தவறுகள் இருந்தது பிற்காலத்தில் தெரியவந்தது. சில எண்கள் விடுபட்டும் போயிருந்தன. ஆனால் 31 முறை பெருக்கிக் கிடைக்கும் இந்த எண் விஷயத்தில் மெர்சென் சொன்னது சரிதான். சரி என்று நிரூபிக்கத்தான் நூறாண்டுக்கு மேல் ஆனது.

பார்வை மங்கிய காலத்தில் போட்ட கணக்கு

நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்தவர். 1772 வாக்கில் அவர் பார்வையை ஏறக்குறைய முழுவதுமாக இழந்திருந்தார். அந்த நிலையில்தான் 2147483647 ஒரு பகா எண் என்ற முடிவை, சக கணிதவியலாளர் பெர்னோலிக்குக் கடிதத்தில் தெரிவித்தார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரைக்கும் உள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும். 2147483647ன் வர்க்கமூலம் 46,340ஐ கொஞ்சம் தாண்டும். அதுவரைக்கும் மொத்தம் 4,792 பகா எண்கள் இருக்கின்றன. கால்குலேட்டர் கிடையாது. 4,792 முறை கையால் வகுக்க யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆய்லர் இங்கேதான் ஒரு குறுக்குவழியைப் பிடித்தார். அது ஏமாற்று வேலை இல்லை, கணக்கு தரும் உத்தரவாதம்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன உதாரணம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது பகா எண் இல்லை, 23ஐயும் 89ஐயும் பெருக்கினால் வரும். அந்த இரண்டு எண்களையும் உற்றுப் பாருங்கள். 11ன் இரண்டு மடங்கு 22. அதோடு ஒன்று சேர்த்தால் 23. 22ஐ நான்கால் பெருக்கி ஒன்று சேர்த்தால் 89. இது தற்செயல் இல்லை. 11 என்ற பகா எண்ணை வைத்து உருவாக்கிய மெர்சென் எண்ணை எந்தப் பகா எண் வகுத்தாலும், அது '22ன் மடங்கு + 1' என்ற வடிவில்தான் இருந்தாக வேண்டும்.

அதே விதியை 31க்குப் போட்டால், நம்ம எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் '62ன் மடங்கு + 1' என்று இருக்க வேண்டும். ஆய்லர் இன்னொரு விதியையும் சேர்த்தார். அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். இரண்டையும் சேர்த்தால், '248ன் மடங்கு + 1' அல்லது '248ன் மடங்கு + 63' என்ற வடிவில் உள்ள எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

46,340 வரைக்கும் அப்படிப்பட்ட எண்கள் எத்தனை? வெறும் 372. அதிலும் 249, 497, 559 மாதிரி பகா எண்ணாக இல்லாதவற்றை நீக்கிவிட்டால் பட்டியல் இன்னும் சுருங்கும். மீதமிருப்பவற்றால் வகுத்துப் பார்த்தார். எதுவுமே மீதியில்லாமல் வகுக்கவில்லை. முடிந்தது கதை, 2147483647 ஒரு பகா எண்.

அடுத்த 80 ஆண்டுகளுக்கும் மேலாக, மனிதர்களுக்குத் தெரிந்த மிகப்பெரிய பகா எண் என்ற பெருமை இதற்குத்தான் இருந்தது.

'இதற்கு மேல் யாரும் தேட மாட்டார்கள்'

இந்த எண்ணோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு எண்ணும் உண்டு. 2305843008139952128. இது ஒரு 'நிறைவு எண்'. அதாவது, தன்னை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்களை எல்லாம் கூட்டினால் அதே எண் திரும்பக் கிடைக்கும். 6ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 3 ஆகியவை அதை வகுக்கும், மூன்றையும் கூட்டினால் 6. அடுத்தது 28. இதற்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் இப்படி ஒரு நிறைவு எண்ணைக் கையோடு கூட்டி வரும். நம்ம எண் அந்த வரிசையில் எட்டாவது.

1811ல் இங்கிலாந்து கணிதவியலாளர் பீட்டர் பார்லோ, இதைவிடப் பெரிய நிறைவு எண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்ற பொருளில் எழுதினார். பார்க்க வியப்பாக இருக்கிறதே தவிர எந்தப் பயனும் இல்லாத இவற்றை யார் தேடப்போகிறார்கள் என்பது அவர் வாதம்.

இரண்டுமே பொய்த்துப்போனது. 1876ல் பிரான்ஸின் எட்வர்ட் லூகா, 39 இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடித்தார். தேடல் இன்றும் நிற்கவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மெர்சென் பகா எண்ணில் மட்டும் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள் இருக்கின்றன. பயன் இல்லை என்ற பேச்சும் அடுத்த நூற்றாண்டில் அடிபட்டுப்போனது.

பகா எண் சங்கிலி... திடீர் கட்

கொஞ்சம் விளையாட்டாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். 5 ஒரு பகா எண். 5 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 31. அதுவும் பகா எண். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647. அதுவும் பகா எண்.

அப்போ 2147483647 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால்? அதுவும் பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்லும். அந்த எண்ணில் 64 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள் இருக்கும். முழுதாக எழுதிப் பார்க்கக்கூட முடியாத அளவு பெரிது. ஆனாலும் 295257526626031 என்ற 15 இலக்க எண் அதை மீதியே இல்லாமல் வகுத்துவிடும். ஆக, சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது.

சுவாரசியம் என்னவென்றால், அந்த 15 இலக்க எண்ணும் ஆய்லர் பயன்படுத்திய விதிக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. 2147483647ஐ இரண்டால் பெருக்கி, வருவதை 68,745ஆல் பெருக்கி, ஒன்று சேர்த்தால் அதுதான் வரும். எண் எவ்வளவு பெரிதானாலும் விதி மாறவில்லை.

கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?

கம்ப்யூட்டருக்கு 0, 1 இரண்டே இலக்கங்கள்தான். ஒரு எண்ணைச் சேமிக்க, அது வரிசையாக சில ஸ்விட்சுகளை ஒதுக்கும். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் பெயர் 'பிட்'. நீண்ட காலமாக ஒரு எண்ணுக்கு 32 பிட் என்பதே வழக்கமாக இருந்தது. அதில் ஒன்று, எண் பிளஸ்ஸா மைனஸா என்று சொல்ல. மீதி 31 ஸ்விட்சுகளும் எண்ணுக்கு.

இந்த 31 ஸ்விட்சுகளின் மதிப்பும் 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகும். அரிசிக் கதையின் அதே கட்டங்கள். எல்லா ஸ்விட்சையும் ஆன் செய்தால் கிடைக்கும் உச்சபட்ச எண் 2147483647.

அதோடு ஒன்றைக் கூட்டினால்? பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் 99999ஐத் தாண்டினால் 00000 ஆகிவிடும் அல்லவா, கிட்டத்தட்ட அதே கதை. ஆனால் இங்கே கூடுதலாக ஒரு வில்லங்கம். 31 ஸ்விட்சுகளும் ஆஃப் ஆகி, பிளஸ்-மைனஸ் ஸ்விட்ச் ஆன் ஆகிவிடும். கம்ப்யூட்டர் அதை மைனஸ் 2147483648 என்று படிக்கும். உச்சியில் இருந்து ஒரே அடியில் பாதாளத்துக்கு.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது பகா எண் என்பதால் கம்ப்யூட்டருக்கு எல்லையாகவில்லை. 31 ஸ்விட்ச் என்று முடிவு செய்ததால் இந்த எண் வந்தது. 16 பிட் கம்ப்யூட்டரின் எல்லை 32,767. அது பகா எண் இல்லை, 7, 31, 151 மூன்றையும் பெருக்கினால் வரும். இப்போதைய 64 பிட் எல்லையும் 7ஆல் வகுபடும். 32 பிட் எல்லை பகா எண்ணாக அமைந்தது தற்செயல்.

அந்தத் தற்செயலையும் ஒரு இடத்தில் பயன்படுத்திக்கொண்டார்கள். கேம்களில் பகடை உருட்டுவது, சீட்டு கலைப்பது போன்றவற்றுக்கு கம்ப்யூட்டருக்கு தாறுமாறான எண்கள் தேவை. ஒரு எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டால் அடுத்த எண் கிடைக்கும். 1ல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073 என்று தாறுமாறாகப் போகும். 214 கோடிக்கும் அதிகமான எண்களையும் ஒவ்வொரு முறை தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1க்கு வரும். வகுக்கும் எண் பகா எண் என்பதாலும், 16807 பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதாலும் இது சாத்தியமாகிறது. 1988ல் ஸ்டீபன் பார்க், கீத் மில்லர் என்ற இருவர் இந்த முறையைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். ஆனால் ஓடிபி, பாஸ்வேர்டு போன்றவற்றுக்கு இது ஆகாது. ஒரு எண் தெரிந்தாலே அடுத்து வருவதை எல்லாம் கணக்குப் போட்டுவிடலாம்.

யூடியூப் முதல் விமானம் வரை

2012 ஜூலையில் வெளியான தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு நினைவிருக்கிறதா? யூடியூப்பில் முதன்முதலாக 100 கோடி பார்வைகளைத் தொட்ட வீடியோ அது. 2014 டிசம்பரில் அதன் பார்வைகள் 2147483647 என்ற எல்லையைத் தாண்டின. இவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை என யூடியூப் சொன்னது. கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதால் பிரச்னை வரவில்லை. இப்போதைய எல்லை 19 இலக்க எண்.

பாட்டு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். விமானம் என்றால்?

2015ல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு, போயிங் 787 விமானங்கள் தொடர்பாக ஒரு உத்தரவு பிறப்பித்தது. அந்த விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாட்கள் நிறுத்தாமல் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால், உள்ளே உள்ள மென்பொருள் கவுன்ட்டர் நிரம்பி வழிந்து, கருவிகள் செயல்பாட்டை நிறுத்திக்கொள்ளும் என்று பரிசோதனையில் தெரியவந்தது. எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ஆன் செய்யப்பட்டிருந்தால், எல்லாமே ஒரே நேரத்தில் நிற்கும். பறக்கும்போது அப்படி நடந்தால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கும் ஆபத்து உண்டு.

அதென்ன 248 நாள்? விநாடியை நூறு பங்காக்கி, பங்குக்கு ஒன்று என எண்ணிக்கொண்டே போனால், 2147483647ஐ எட்ட ஆகும் காலம் 248 நாட்களும் சுமார் 13 மணி நேரமும். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. (ஆய்லர் பயன்படுத்திய 248க்கும் இதற்கும் தொடர்பில்லை.) குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை விமானத்தின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்தி மறுபடி ஆன் செய்ய வேண்டும் என்பதே அப்போதைக்குச் சொல்லப்பட்ட தீர்வு.

2038ல் என்ன நடக்கும்?

யூனிக்ஸ் வழி வந்த கம்ப்யூட்டர்கள் நேரத்தை நாள், மாதம், வருஷம் என்று சேமிப்பதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவில் இருந்து எத்தனை விநாடிகள் கடந்தன என்று எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் சேமித்தால், எல்லையைத் தொடும் நேரம்தான் 2038 ஜனவரி 19. அடுத்த விநாடி எண்ணிக்கை மைனஸுக்குப் போகும். 1970ல் இருந்து அத்தனை விநாடிகள் பின்னால் எண்ணினால் வருவது, கிரீன்விச் நேரப்படி 1901 டிசம்பர் 13.

'அதுக்கு இன்னும் நாள் இருக்கே' என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. எதிர்காலத் தேதிகளைக் கணக்கிடும் மென்பொருள்களுக்கு 2038 முன்பே வந்துவிடும். 20 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை தேதியை 2018ஆம் ஆண்டிலேயே கம்ப்யூட்டர் கணக்கிட வேண்டியிருந்தது. 2006 மே மாதத்திலேயே ஏஓஎல்சர்வர் என்ற இணைய சர்வர் மென்பொருள் இதில் சிக்கியது. 'காலாவதியே ஆகக்கூடாது' என்பதற்காக, நடப்பு நேரத்தோடு 100 கோடி விநாடிகளைக் கூட்டும்படி அதில் அமைத்திருந்தார்கள். 2006ல் 100 கோடி விநாடிகளைக் கூட்டினால் 2038ஐத் தாண்டும். அங்கேயே நிலைகுலைந்தது.

உங்கள் போன் தப்பிக்குமா?

இப்போது விற்பனையாகும் ஸ்மார்ட்போன்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 2017ல் ஆப்பிள் தனது ஐஓஎஸ் 11ல் 32 பிட் ஆப்களுக்கான ஆதரவை நிறுத்தியது. 2019 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளே ஸ்டோரும் ஆப்களுக்கு 64 பிட் வடிவத்தைக் கட்டாயமாக்கியது. 64 பிட்டில் விநாடிகளை எண்ணினால் எல்லையைத் தொட சுமார் 29,200 கோடி ஆண்டுகள் ஆகும். 32 பிட் கருவிகளையும் 2038ஐத் தாண்டி ஓடவைக்கும் மாற்றங்கள், 2020ல் வந்த லினக்ஸ் 5.6 பதிப்பில் சேர்ந்துவிட்டன.

சிக்கல் இருப்பது கண்ணில் படாத இடங்களில். ஆலைகளில் ஓடும் கட்டுப்பாட்டுக் கருவிகள், பழைய ரவுட்டர்கள், ஒருமுறை பொருத்திவிட்டு மறந்துபோன மீட்டர்கள். அப்டேட் வராத இவற்றில் பலவும் 10, 20 ஆண்டுகள் ஓடக்கூடியவை. அதாவது இன்று பொருத்தப்படும் ஒரு கருவி 2038லும் ஓடிக்கொண்டிருக்கலாம். கருவி புதிதாக இருந்தாலும் போதாது. உள்ளே உள்ள தரவுத்தளமும் தயாராக இருக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 'டைம்ஸ்டாம்ப்' என்ற வகையில் சேமிக்கும் தேதி 2038 ஜனவரி 19ஓடு முடிந்துவிடும்.

சோதித்துப் பார்க்கிறேன் என்று போனின் தேதியை 2038க்கு மாற்றுவது நல்ல யோசனை இல்லை. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானதாகத் தெரியும், பல ஆப்கள் வேலை செய்யாது.

மொபைல் நம்பரிலும் ஒரு பொறி

2038 வரை காத்திருக்கவே தேவையில்லாத ஒரு பிழையும் உண்டு. புரோகிராமிங் பழகும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இது. இந்தியாவின் 10 இலக்க மொபைல் எண்கள் 6, 7, 8, 9ல் தான் தொடங்கும். அதாவது எந்த மொபைல் எண்ணை எடுத்தாலும் அது 600 கோடிக்குக் குறையாது. 214 கோடி எல்லைக்குள் ஒன்றுகூட அடங்காது.

மொபைல் எண்ணை 32 பிட் எண்ணாகச் சேமிக்கும்படி ஒரு டேபிளை உருவாக்கினால், மைஎஸ்கியூஎல் கண்டிப்பு இல்லாத அமைப்பில் பிழையைச் சொல்லி நிறுத்தாது. தன்னால் முடிந்த உச்ச எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடும். 500 வாடிக்கையாளர்கள் பதிவு செய்தால், 500 பேருக்கும் ஒரே நம்பர், 2147483647. உண்மையான எண்கள் போனது போனதுதான், திரும்ப எடுக்க வழியில்லை. மொபைல் எண்ணையும் ஆதார் எண்ணையும் யாரும் கூட்டப்போவதும் இல்லை, கழிக்கப்போவதும் இல்லை. அவற்றை எழுத்துத் தொடராகச் சேமித்தால் இந்தப் பிரச்னையே வராது.

அடுத்த முறை ஏதாவது ஒரு ஆப்பிலோ, பில்லிலோ, எக்செல் பட்டியலிலோ சம்பந்தமில்லாமல் 2147483647 என்ற எண் கண்ணில் பட்டால், அது உங்கள் கணக்கு இல்லை. உள்ளே 31 ஸ்விட்சும் நிரம்பி வழிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து சம்பந்தப்பட்டவர்களிடம் உடனே சொல்லிவிடுவது நல்லது.